பஸ்ஸில் நிற்கிறவனுக்கு ஓட்டு எங்கே?

மலர்க்குழு அண்ணன் வந்து "ஏதாவது எழுதிக் குடுடா" என்றபோது, காதல் கவிதைக்கும் தன்னம்பிக்கைக் கட்டுரைக்கும் ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். அதனால் தினமும் நம் உயிரை வாங்கும் ஒரு விஷயத்தை எழுதுகிறேன். பஸ்!

வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை, தாயில்பட்டிப் பக்கமிருந்து வருகிற நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காலை பஸ்ஸை விட்டால் முதல் இரண்டு பீரியட் போச்சு. பிடித்தாலோ படிக்கட்டுதான். "உள்ள போங்கடா, உள்ள போங்கடா" என்று கண்டக்டர் கத்துவார். உள்ளே எங்கே போவது? பட்டாசு ஆபீசுக்குப் போகும் அக்காமார், தூக்குவாளியோடு பெரியவர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், நடுவில் மினி டிராப்டரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நாம். 2021 மே மாதம் முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. "அதனாலதான் கூட்டம்" என்று நம்ம பையன்களே சிலர் முணுமுணுக்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. அந்தப் பணம் ஒரு வீட்டுக்கு எவ்வளவு பெரிசு என்று என் அம்மாவைக் கேட்டால் தெரியும். ஆனால் பஸ்ஸே போகாத ரோட்டில் இலவச டிக்கெட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பட்டாசு ஆலை ஊரை விட்டுத் தள்ளித்தான் இருக்க வேண்டும், அது பாதுகாப்பு. ஊரை விட்டுத் தள்ளி இருப்பதால் பஸ்ஸும் அங்கே போவதில்லை.

போன வருஷம் நாங்கள் முப்பது பேர் கையெழுத்துப் போட்டு, அந்த பஸ்ஸை இருபது நிமிஷம் முன்னால் விடச் சொல்லி ஒரு மனு கொடுத்தோம். "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது. இன்னும் பரிசீலனையில்தான் உள்ளது! அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இதை முடிவு செய்வது யார்? அந்த மேஜையைச் சுற்றி யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

தேடிப் படித்தேன். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், 68ஆவது பிரிவு. வழித்தடத்துக்கு பெர்மிட் கொடுப்பது வட்டாரப் போக்குவரத்து ஆணையம். அதற்கு ஒரு தலைவர். அவரோடு இரண்டு பேர் வரை அரசாங்கம் நியமிக்கலாம், அவர்கள் அதிகாரிகளாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வேண்டாமென்றால் ஒரே ஒரு அதிகாரியை வைத்தும் நடத்தலாம். தமிழ்நாட்டில் மாவட்ட கலெக்டர்தான் அந்த ஆணையம். போக்குவரத்துத் தொழிலில் பண லாபம் உள்ளவன் அதில் உட்காரக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. நல்ல விதிதான். பஸ் முதலாளி வேண்டாம், சரி. பஸ்ஸில் நிற்கிறவனும் வேண்டாமா?

அரசு பஸ்ஸின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். 1972ல் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. 1997ல் விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு கழகம் தொடங்கினார்கள். அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று சிலர் கிளம்ப, தென் மாவட்டங்களில் கலவரம், உயிர்ப்பலி. கடைசியில் அந்த வருஷம் ஜூலையில் எல்லாக் கழகங்களின் பெயர்களையும், மாவட்டங்களின் தலைவர் பெயர்களையும் அரசு எடுத்துவிட்டது. நம் காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது அப்போதுதான். ஒதுக்கப்பட்ட மக்களின் வீரன் பெயர் பஸ்ஸில் ஏறியது சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பஸ்ஸின் நெற்றியில் இருந்த பெயருக்கு அத்தனை ரத்தம் சிந்திய ஊரில், அந்த பஸ் எந்தத் தெரு வழியாகப் போகும் என்று தீர்மானிக்கும் இடத்தில் நமக்கு ஓட்டு உண்டா என்று யாரும் கேட்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

இத்தனைக்கும் ஓட்டுள்ள ஒரு மேஜையை அரசியல் சட்டமே போட்டு வைத்திருக்கிறது. 74ஆவது திருத்தம் கொண்டுவந்த மாவட்டத் திட்டக் குழு. அதில் ஐந்தில் நாலு பங்குக்குக் குறையாத உறுப்பினர்களை மாவட்ட ஊராட்சியிலும் நகராட்சி, பேரூராட்சிகளிலும் ஜெயித்து வந்தவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். கிராமத்துக்கு எத்தனை, நகரத்துக்கு எத்தனை என்பது மக்கள்தொகை விகிதப்படி. 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்துக்கு 19 லட்சத்து 42 ஆயிரம் பேர்; ஏறத்தாழ பாதி நகரம், பாதி கிராமம். அப்படியானால் இடமும் பாதிக்குப் பாதி. நியாயமான கணக்குதானே?

நடந்தது என்ன? 2016 அக்டோபரிலிருந்து 2019 முடியும் வரை ஊராட்சிகளில் தேர்ந்தெடுத்த ஆளே கிடையாது. 2020 ஜனவரியில் வந்தார்கள். அவர்கள் திட்டக் குழுவுக்கு ஓட்டுப் போட வாய்ப்பு வந்தது 2023 ஜூனில்! 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு அவர்கள் பதவிக்காலமும் முடிந்து, தனி அலுவலர்கள் வந்தார்கள். 2022ல் ஜெயித்த நகரத்துக் கவுன்சிலர்கள் பதவியில் இருந்தார்கள். ஆக, கிராமத்துப் பாதி நாற்காலிக்கு ஆயுள் ஒன்றரை வருஷம். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்தது 2016ல். பட்டாசு ஆபீசுக்கு பஸ் பிடிக்கும் ஒரு அக்காவின் குரல் அந்த மேஜைக்குப் போகிற வழியும் அதோடு அடைபட்டது.

அமெரிக்காவிலும் இந்தச் சண்டை உண்டு. டெட்ராய்ட் வட்டாரத்தின் போக்குவரத்துத் திட்டக் குழுவில் சுற்றுப்புற ஊர்களுக்கு ஓட்டு அதிகம், நகரத்து மக்கள்தொகைக்குத் தக்க ஓட்டு இல்லை என்று 2000களில் ஒரு மக்கள் அமைப்பு கோர்ட்டுக்குப் போய்த் தோற்றது. அங்கே நகரத்துக்காரன் புலம்பல், இங்கே கிராமத்துக்காரன் புலம்பல்.

சரி, தலையை எண்ணி ஓட்டுக் கொடுத்தால் எல்லாம் தீர்ந்துவிடுமா? இதில் எனக்கே ஒரு இடறல் உண்டு. சென்சஸ்காரர் நம்மை எண்ணுவது நாம் தூங்கும் இடத்தில். பஸ் தேவைப்படுவதோ விழித்திருக்கும்போது. வெம்பக்கோட்டையில் தூங்கி சிவகாசியில் உழைக்கிறவன் எந்த ஊர்க் கணக்கு? நம் சிவில் பாடத்தில் "எங்கே ஏறினீர், எங்கே இறங்கினீர்" என்று ஒரு சர்வே வருகிறதே, பரீட்சைக்கு மட்டும் படித்துவிட்டு மறக்கிறோமே, அதை மக்கள்தொகைக் கணக்கோடு சேர்த்து வைத்தால்தான் உண்மை தெரியும்.

என் யோசனை பெரிதாக ஒன்றுமில்லை. சட்டம் அனுமதிக்கும் அந்த இரண்டு நாற்காலியையும் நிரப்புங்கள். திட்டக் குழு ஓட்டுப் போட்டு ஆள் அனுப்பட்டும். ஒருவர் கிராமத்திலிருந்து, ஒருவர் நகரத்திலிருந்து. கலெக்டர் தலைவராகவே இருக்கட்டும். "அரசியல்வாதி வந்தா ஆளாளுக்கு எங்க தெருவுக்கு பஸ் விடுன்னு இழுப்பான்யா" என்று என் ரூம்மேட் சொல்கிறான். இழுக்கட்டும்! இப்போது மட்டும் இழுக்கவில்லையா? போனில் இழுப்பதை மேஜையில் வைத்து இழுத்தால், யார் என்ன கேட்டார் என்று எழுத்தில் இருக்கும். அடுத்த தேர்தலில் கேள்வி கேட்கலாம்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாமென்று நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு தாள் அடித்திருக்கிறோம். சிவில் டிபார்ட்மென்ட் வராந்தாவில், நோட்டீஸ் போர்டுக்குக் கீழே கட்டித் தொங்குகிறது. நீங்கள் ஏறும் ஸ்டாப், ஏறும் நேரம், எத்தனை பஸ் நிற்காமல் போனது என்று எழுதுங்கள். கடைசிக் கட்டத்தில் உங்கள் வீட்டில் வேலைக்குப் போகிறவர்கள் எங்கே ஏறி எங்கே இறங்குகிறார்கள் என்று கேட்டிருக்கிறோம். அதை நீங்களாக நிரப்ப வேண்டாம், வீட்டில் கேட்டு வந்து எழுதுங்கள்.