அருவியில் நின்றால் பயம் தெளியுமா?

சாரல் காலம் வந்துவிட்டால் தென்காசி வழியாய் குற்றாலத்திற்கு ஜனங்கள் வண்டி வண்டியாகப் போகிறார்கள். சுகத்திற்காகக் குளிக்கப் போகிறவர்களைப் பற்றி நமக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை. ஆனால் மனக்கலக்கம் உள்ளவர்களையும், நெஞ்சு படபடக்கிறது, தூக்கமில்லை என்கிறவர்களையும் கொண்டுபோய் அருவியின் கீழ் நிறுத்தினால் தெளிந்துவிடும் என்று நெடுங்காலமாய் ஒரு நம்பிக்கை இருந்து வருகிறதே, அதைப் பற்றித்தான் பேசவேண்டியிருக்கிறது. தண்ணீர் குளிர்ச்சி தரும், மறுக்கவில்லை. பயமென்ன தலையில் ஒட்டிய அழுக்கா, அடித்துக்கொண்டு போவதற்கு?

பயமெல்லாம் கெடுதல் என்பதல்ல நமது வாதம். 2024 மே 17-ந் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் பாய்ந்து ஒரு சிறுவன் மாண்டான். அன்று பயந்து ஓடியவர்கள் செய்தது புத்திசாலித்தனமே. வெள்ளமில்லாத திண்ணையில் உட்கார்ந்து, நாளைக்கு என்ன ஆகுமோ என்று தினமும் நடுங்குவதுதான் வியாதி.

சிலர் சீக்கிரம் கலங்கும் சுபாவமுடையவர்கள். இதில் பரம்பரையும் உண்டு, வளர்ப்பும் உண்டு என்கிறார்கள் மனோதத்துவ நிபுணர்கள். இப்படிப்பட்டவர்களுக்குக் கவலைநோய் வர மற்றவர்களைவிட அதிக இடமுண்டு. உடனே "தலையெழுத்து" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். சுபாவம் வேறு, தலையெழுத்து வேறு அய்யா! அந்தச் சுபாவத்திற்குத் தீனி போட்டு நோயாக வளர்ப்பது தப்பி ஓடும் பழக்கம். சந்தைக்குப் போகப் பயந்தவன் போகாதிருந்தால் அன்றைக்கு நிம்மதிதான். ஆனால், போனால் ஒன்றும் நேராது என்று தெரிந்துகொள்ளும் சந்தர்ப்பமும் அன்றோடு போயிற்றே! மறுவாரம் பயம் ஒரு பங்கு கூடிவிடும். தாயத்தும் இராகுகாலமும் செய்கிற வேலையும் இதுவே. ஆபத்து வராவிட்டால் பெருமை கயிற்றுக்குப் போய்விடுகிறது. கட்டிக்கொண்டவனுக்குத் தைரியம் ஒரு காசுக்கும் மிஞ்சுவதில்லை.

உள்ளுக்குள்ளேயே ஓடுகிறவர்களும் உண்டு. "ஆண்பிள்ளை அழலாமா, பெண்பிள்ளை கோபப்படலாமா" என்று வளர்க்கிறோமல்லவா? குரங்கை நினைக்காமல் மருந்து குடிக்கச் சொன்ன கதை நமக்குப் பழசு. 1987-ல் அமெரிக்காவில் டேனியல் வெக்னர் என்பவர், வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று மாணவர்களிடம் சொல்லிப் பார்த்தார். கரடி திரும்பத் திரும்ப வந்து நின்றது! அடக்கிய துக்கமும் அப்படித்தான்.

பரிகாரம் இல்லாமலில்லை. 1924-லேயே மேரி கவர் ஜோன்ஸ் என்ற அம்மையார், முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற குழந்தைக்குத் தின்பண்டம் கொடுத்து, தூரத்தில் முயலை வைத்து, நாளடைவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். முடிவில் குழந்தை முயலைத் தடவிக் கொடுத்தது. இன்றைய வைத்தியர்களும் ஏறக்குறைய இவ்வழியேதான் பயத்தைப் பழக்குகிறார்கள். கையைக் காலைப் பிடித்து அருவிக்குள் தள்ளுவது இந்த வைத்தியமாகாது. அது பயத்தின்மேல் பயம்.

2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனையை அரசாங்கமே இலவசமாய்த் தருகிறது. பரிகாரத்திற்கு மூட்டை கட்டுகிற குடும்பத்தார் முதலில் அந்த எண்ணைக் கூப்பிடட்டும். குற்றாலத்திற்குப் பிறகு குளிக்கப் போகலாம்.