26 ஆண்டுகள், ஒரே கார்... ஆப்பிரிக்காவில் தொடங்கிய ஒரு ஜோடியின் நெடும்பயணம்!

பாபநாசத்தில் இறங்கி, "பாலைவனம் எங்கே இருக்கு?" என்று கேட்டால் ஊர்க்காரர்கள் சிரித்துக்கொண்டே திருப்பாலைத்துறைக்கு வழி காட்டுவார்கள். அங்கே கோயில் கொண்டிருக்கும் சிவபெருமானின் பெயரே பாலைவனநாதர்தான். ஆனால், இந்தப் பாலைவனத்தில் மணல்மேடு கிடையாது. பாலை மரங்கள் நிறைந்திருந்த வனம் என்பதால் வந்த பெயர் இது. பக்கத்தில் குடமுருட்டி ஆறு, சுற்றிலும் வயல், கோயிலுக்குள் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் என்று எல்லாமே தண்ணீரும் நெல்லும்தான்.

இப்படிப்பட்ட ஊரில் இருப்பவர்களுக்கு, சொட்டுத் தண்ணீர் இல்லாத ஆப்பிரிக்க மணலில் ஓர் ஆணும் பெண்ணும் ஆண்டுக்கணக்கில் கார் ஓட்டினார்கள் என்றால் ஆச்சர்யமாகத்தான் இருக்கும்.

நம் நாட்டிலும் காரில் உலகம் சுற்றிய தம்பதி உண்டு. கொல்கத்தாவைச் சேர்ந்த சாலு சௌத்ரியும் அவர் மனைவி நீனாவும் 1989-ல் ஒரு கான்டஸா காரில் டெல்லியிலிருந்து கிளம்பினார்கள். செப்டம்பர் 9-ல் புறப்பட்டு, ஆறு கண்டங்களைத் தொட்டு, நவம்பர் 17-ல் டெல்லி திரும்பினார்கள். 69 நாள், 19 மணி, 5 நிமிடம்! பூமத்திய ரேகையின் நீளத்தைவிட அதிக தூரம். கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்த அந்தப் பயணம், கடிகாரத்தோடு நடந்த போட்டி.

அதே காலகட்டத்தில், கடிகாரத்தையே பார்க்காத இன்னொரு பயணம் தொடங்கியது. ஜெர்மனியைச் சேர்ந்த குந்தர் ஹோல்டார்ஃப், விமான நிறுவன வேலையை விட்டுவிட்டு, 1988-ல் மெர்சிடிஸ் பென்ஸ் ஜி வேகன் ஒன்றில் ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பினார். திட்டம் என்னவோ 18 மாதங்கள்தான். செய்தித்தாள் விளம்பரம் மூலம் அறிமுகமான கிறிஸ்டீன், விரைவிலேயே அவருடைய பயணத் துணையானார். காருக்கு இருவரும் வைத்த செல்லப்பெயர் 'ஓட்டோ'.

ஆப்பிரிக்காவில் மட்டுமே ஐந்து ஆண்டுகள் சுற்றினார்கள். ஓட்டல் அறை இல்லை. காரின் பின்சீட்டை எடுத்துவிட்டுப் போட்ட மெத்தைதான் படுக்கை. சமையலும் அவர்களே, ரிப்பேரும் அவர்களே. ஸ்பான்சர் யாரும் கிடையாது. வேகம் 80 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது ஹோல்டார்ஃபின் கொள்கை.

பாலைவனத்தில் அவசரம் உதவாது என்பது உண்மைதான். மணலில் சக்கரம் புதைந்தால் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி இன்னும் கீழேதான் போகும். முதலில் டயரில் காற்றைப் பாதியளவுக்குக் குறைக்க வேண்டும். டயர் தரையில் அகலமாகப் படியும், எடை பரவும், புதையாது. சேற்று வயலில் உழும் டிராக்டருக்கு நம் விவசாயிகள் கேஜ் வீல் மாட்டுவார்களே, அதே கணக்குதான். பிறகு சக்கரத்துக்கு முன்னால் மணலை அள்ளிவிட்டு, பலகையோ இரும்புத் தகடோ வைத்து மெதுவாக ஏற்ற வேண்டும். ஒருவர் ஸ்டீயரிங்கைப் பிடிக்க, இன்னொருவர் முன்னால் நடந்து மணலின் உறுதியைப் பார்க்க வேண்டும். கெட்டித் தரைக்கு வந்ததும் மறக்காமல் காற்றடிக்க வேண்டும். இல்லாவிட்டால் டயர் சூடாகி வெடித்துவிடும்.

வண்டி கிளம்பவே மறுத்தால்? அதை விட்டுவிட்டு நடக்கக் கூடாது. நிழலும் தண்ணீரும் இருக்கும் ஒரே இடம் அந்த வண்டிதான். தேடி வருபவர்கள் கண்ணில் முதலில் படுவதும் அதுதான். அந்த நேரத்தில் "நீ சொன்ன வழிதானே இது" என்று சண்டை போட ஆரம்பித்தால், குடிக்கிற தண்ணீருக்குத்தான் கேடு.

ஆப்பிரிக்காவை முடித்த இருவரும் மற்ற கண்டங்களுக்கும் ஓட்டோவைக் கொண்டு போனார்கள். ஆண்டுகள் ஓடின. கிறிஸ்டீனுக்குப் புற்றுநோய் வந்தது. 2010-ல் அவர் இறப்பதற்குச் சற்று முன்புதான் இருவரும் முறைப்படி திருமணம் செய்துகொண்டார்கள். தனக்குப் பிறகும் பயணத்தை நிறுத்தக் கூடாது என்பது கிறிஸ்டீனின் விருப்பம்.

ஹோல்டார்ஃப் நிறுத்தவில்லை. 2014-ல் பயணத்தை முடித்தபோது ஓட்டோ 170-க்கும் மேற்பட்ட நாடுகளைப் பார்த்திருந்தது. மீட்டரில் ஏறக்குறைய 9 லட்சம் கிலோமீட்டர்! ஸ்டுட்கார்ட் நகரில் இருக்கும் மெர்சிடிஸ் அருங்காட்சியகத்துக்கு அந்தக் கார் போனது. 2021-ல் ஹோல்டார்ஃபும் காலமானார்.

நம்மில் பலருக்கு நெடும்பயணம் என்றால் குடும்பத்தோடு கொடைக்கானலோ ராமேஸ்வரமோதான். அதற்கும் கிளம்பும் முன் டயரில் காற்றைச் சரிபாருங்கள். தண்ணீர் பாட்டிலைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். வழி தவறிவிட்டால், யார் தப்பு என்று பேசுவதை வீடு திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளலாம்!