மாவுக்கட்டால் வராத நம்பிக்கை

ரவுடிக்குப் பயம் காட்டினால்தான் ஊர் நிம்மதியாகத் தூங்கும் என்கிறார்கள். 2023 ஆகஸ்ட் 1 அதிகாலையில், வாகனச் சோதனையின்போது தாக்கினார்கள் என்று சொல்லி, கூடுவாஞ்சேரி அருகே இரண்டு ரவுடிகளைத் தாம்பரம் போலீஸ் சுட்டுக் கொன்றபோதும் இந்தப் பேச்சுதான் ஓங்கி ஒலித்தது.

சுட்டால் ரவுடித்தனம் ஒழியுமா? கத்தி எடுத்தவன் சாவான். கூலி கொடுத்தவன் பெயர் அவனோடு போய்விடும். 2024 ஜூலையில், அரசியல் கட்சித் தலைவர் ஆம்ஸ்ட்ராங் கொலை வழக்கில் கைதானவர்களில் ஒருவர், போலீஸ் பிடியில் இருக்கும்போதே போலீசாராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவரை இனி எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது.

அடி வாங்குவது குற்றவாளிதானே என்பது அடுத்த வாதம். 2020-இல் சாத்தான்குளத்தில் போலீஸ் காவலில் செத்த தந்தையும் மகனும் கடைக்காரர்கள். 2025-இல் மடப்புரத்தில் அப்படிச் செத்தவர் கோயில் காவலாளி. கைதானவர்கள் மட்டும் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு வருவது எப்படி என்று உயர் நீதிமன்றமே கேட்டுவிட்டது.

கோர்ட்டில் கேஸ் நிற்பதில்லை, சாட்சி வருவதில்லை என்கிறார்களே, அது உண்மை. ஆனால் ஏன் வருவதில்லை? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மக்கள் சென்னை நகரத்துக்குள் இருந்த வீடுகளை இழந்து அங்கே குடியேற்றப்பட்டவர்கள். முகவரியைச் சொன்னாலே சந்தேகப் பார்வை விழுகிறது. நைட் ஷிப்ட் முடித்து வரும் மகனை, போலீஸ் காரணம் சொல்லாமல் நிறுத்தி, வாடா போடா என்று பேசி, போட்டோ எடுத்து அனுப்பினால், நாளை தெருவில் ஒரு வெட்டுக்குத்தை நேரில் பார்த்தாலும் அவன் அம்மா ஸ்டேஷன் படி ஏறமாட்டார். அமெரிக்க ஆய்வாளர் டாம் டைலர் சிகாகோ மக்களிடம் விசாரித்து 1990-இல் எழுதியதும் இதையொட்டியதுதான்: போலீசை மக்கள் ஏற்பது தங்களுக்குச் சாதகமான முடிவு கிடைத்ததா என்பதைவிட, மரியாதையாக, பாரபட்சமின்றி நடத்தப்பட்டோமா என்பதைப் பொறுத்தது.

2022 ஜனவரி 1 முதல் தாம்பரத்துக்குத் தனி கமிஷனரேட் இருக்கிறதே என்பார்கள். பலகை மாறியது, சரி. புகாரோடு போகிறவரை 'இது எங்க லிமிட் இல்லை' என்று இன்னொரு ஸ்டேஷனுக்கு அனுப்பினால் யாருக்கு நம்பிக்கை வரும்? 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனும் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும்; நகலை இலவசமாகத் தர வேண்டும்; 90 நாளுக்குள் விசாரணை நிலையைப் புகார்தாரருக்குச் சொல்ல வேண்டும். புகார் வந்தது என்று மட்டும் சொல்லும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்பி அனுப்பாமல் இந்த மூன்றையும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் செய்துகாட்டட்டும். துப்பாக்கியைவிட அதைத்தான் நான் கமிஷனரிடம் கேட்பேன்.