ராஜா தங்கமாம், மந்திரிதான் பித்தளையாம்!



மில்லில் ஆட்குறைப்பு வந்தால், "மானேஜர் செய்த வேலை, முதலாளிக்குத் தெரியாது" என்பார்கள். பண்ணையில் கூலி குறைந்தால் பழி காரியஸ்தன் தலையில் விழும். பண்ணையார் எப்போதும் நல்ல மனுஷர்தான்! இதே பழங்கதையை வியட்நாம் யுத்தத்துக்கும் சொல்கிறார்கள். ஜனாதிபதி ஜான்சன் சமாதானப் பிரியராம்; பாதுகாப்பு ஆலோசகர்கள் அவரைக் கெடுத்துவிட்டார்களாம்.

இது பச்சைப் புளுகு என்கிறோம் நாம்.

யார் இந்த ஆலோசகர்கள்? 1947-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் தேசியப் பாதுகாப்புக் கவுன்சிலை உண்டாக்கிற்று. 1953-ல் அதன் காரியங்களைக் கவனிக்க ஜனாதிபதிக்கென்று தனி ஆலோசகர் பதவி ஏற்பட்டது. அந்நாட்டில் மந்திரி ஆவதற்கு செனட் சபையின் சம்மதம் வேண்டும். ஆலோசகருக்கு அதுவும் வேண்டாம். ஜனங்கள் அவருக்கு ஓட்டுப் போடுவதில்லை. ஜனாதிபதி கூப்பிட்டால் வருவார். போ என்றால் போவார். ஆனால் யுத்தமா, சமாதானமா என்று முடிவாகும்போது அவர் நாற்காலி ஜனாதிபதியின் காதருகே இருக்கும்!

1965-ல் அந்த நாற்காலியில் இருந்தவர் மக்ஜார்ஜ் பண்டி. ஹார்வர்ட் சர்வகலாசாலையிலிருந்து வந்த பெரிய படிப்பாளி. பிப்ரவரி 7-ல் தெற்கு வியட்நாமின் பிளெய்க்கு ராணுவ முகாம் தாக்கப்பட்டபோது அவர் அந்நாட்டில்தான் இருந்தார். உடனே ஜனாதிபதிக்குக் குறிப்பு எழுதினார்: வடக்கு வியட்நாம் மீது தொடர்ந்து குண்டு வீச வேண்டும்! பலிக்குமா? நூற்றுக்கு 25-லிருந்து 75-க்குள் எதுவாகவும் இருக்கலாம் என்று அவரே எழுதினார். பலிக்காவிட்டாலும் செய்யத் தகுந்ததே என்றும் எழுதினார்!

சூதாடிகூடத் தன் கைப்பணத்தை வைத்துத்தான் ஆடுவான். இவர் பணயம் வைத்தது யாருடைய உயிரை?

மார்ச் 2-ல் தொடர் குண்டுவீச்சு ஆரம்பமாயிற்று. 8-ல் தனாங் கரையில் அமெரிக்கப் படை இறங்கிற்று.

வேறு யோசனை சொல்ல ஆளே இல்லையா? இருந்தார்கள். வெளிநாட்டு இலாகாவில் இருந்த ஜார்ஜ் பால், இந்த யுத்தம் உதவாது என்று எழுதி வாதாடினார். உபஜனாதிபதி ஹம்ப்ரியும் பிப்ரவரி 17-ல் எழுதி எச்சரித்தார். ஹம்ப்ரி ஜனங்களிடம் ஓட்டு வாங்கி வந்தவர். கிடைத்த பலன் என்ன? வியட்நாம் ஆலோசனைகளிலிருந்து அவரை ஒதுக்கி வைத்தார் ஜான்சன். ஓட்டு வாங்காத பண்டி உள்ளே. ஓட்டு வாங்கிய ஹம்ப்ரி வெளியே!

ஆக, ஆலோசகர் ஜனாதிபதியை ஏமாற்றவில்லை. தமக்கு வேண்டிய ஆலோசனையை ஜனாதிபதியே பொறுக்கி எடுத்துக்கொண்டார்.

ஆள் மாறியதும் நிலைமை மாறிற்றா? 1969-ல் நிக்சன் வந்தார், கிஸிஞ்சர் ஆலோசகரானார். அந்த மார்ச்சிலேயே கம்போடியா மீது ரகசியக் குண்டுவீச்சு! ராணுவப் பதிவேட்டில் பொய்க் கணக்கு! 1973-ல்தான் குட்டு வெளிப்பட்டது. அதே ஆண்டில் கிஸிஞ்சருக்கு நோபல் சமாதானப் பரிசு!

முடிவில் 58,000-க்கு மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் மாண்டார்கள். வியட்நாமிய ஜனங்கள் லட்சக்கணக்கில் மடிந்தார்கள். பண்டியோ 1966-லேயே ஃபோர்டு பவுண்டேஷன் தலைவராகப் போய்விட்டார். சாவு ஏழைக்கு, பதவி ஆலோசகருக்கு!

யுத்தத்தை நிறுத்தச் சொல்லி அமெரிக்க ஜனங்கள் வீதியில் இறங்கிப் போராடினார்கள். 1973-ல் நிக்சனின் மறுப்பையும் மீறி, ஜனாதிபதியின் யுத்த அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கே நிறைவேறிற்று. ஆலோசகரை மாற்றுங்கள் என்று கெஞ்சியா அது கிடைத்தது? இல்லை.

ஆகவே, மந்திரியைத் திட்டி ராஜாவைக் காப்பாற்றும் கதை எங்கே கேட்டாலும் நம்பாதீர்கள். ரத்தம் சிந்துபவன் எவனோ, யுத்தமா சமாதானமா என்று தீர்மானிக்கும் உரிமையும் அவனுக்கே!