11 நாள் வழி



இராணுவப் பணியின் நிமித்தம் லடாக் சென்று திரும்பியோர் நம் ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் உண்டு. அவர்கள் நன்கு அறிந்த காரியம் ஒன்றை இவ்வாரம் தியானிப்போம். ஸ்ரீநகருக்கும் லே நகருக்கும் இடையே சாலை வழி ஏறத்தாழ 420 கிலோமீட்டர். கார்கிலில் இராத்தங்கி இரண்டு நாள் செல்வதே வழக்கம். விமானமோ அம்மலைகளை ஒரு மணி நேரத்திற்குள் கடந்துவிடுகிறது. ஆயினும் 10,000 அடிக்கும் மேலான உயரத்திலுள்ள லே விமான நிலையத்தில் பிற்பகலில் மலைக்காற்று பலமாய் எழும்புவதால், விமானங்கள் பெரும்பாலும் முற்பகலிலேயே வந்து போகின்றன. காலை தப்பினால், தூரம் சொற்பமாயிருந்தும் பயணம் மறுநாளைக்குத் தள்ளிப்போகும்.

ஓரேபிலிருந்து காதேஸ்பர்னேயாவுக்கு 11 நாள் பிரயாணமே என்று உபாகமம் முதலாம் அதிகாரம் அறிவிக்கிறது. கானானின் வாசலை எட்டிய இஸ்ரவேலர், அவிசுவாசத்தினால் பின்வாங்கி, வனாந்தரத்தில் 40 வருஷம் கழித்தார்கள். கீழ்ப்படிய வேண்டிய நாளைத் தவறவிட்டதே அவர்கள் வழியை நீளச் செய்தது.

பாரிவாக்கத்திலிருந்து ஆவடி எவ்வளவு தூரம்? ஆயினும் சொத்துத் தகராற்றினிமித்தம் அங்குள்ள உடன்பிறந்தாரோடு பல வருஷம் பேசாதிருப்போர் நம்மிடையே உண்டு. காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்று காத்திருப்பது ஞானமன்று என்பதே என் துணிபு. காணிக்கை செலுத்துமுன் சகோதரனோடு ஒப்புரவாகும்படி இயேசு கட்டளையிட்டார். ஆகையால் வருகிற ஞாயிறு ஆராதனைக்கு முன்னே அந்தக் கதவைத் தட்டுங்கள். நாளை அதைத் திறக்க அவர் இல்லாமற் போகலாம். கர்த்தர்தாமே உங்களுக்கு முன்னே செல்வாராக. ஆமென்.