பங்குதாரர் யார் ஆகலாம்?



சென்ற மாதம் நம் சங்கத்து நண்பர் ஒருவர் கோபத்தோடு என் மண்டிக்கு வந்தார். அவர் மகள் ஆடிட்டர் தேர்வில் வெற்றி பெற்று, இன்னொரு ஆடிட்டரோடு சேர்ந்து அலுவலகம் திறக்கிறாள். இவர் பத்து லட்சம் முதல் போட்டு, லாபத்தில் பங்கு வாங்கிக்கொள்ள நினைத்திருக்கிறார். "அதற்குச் சட்டத்தில் இடமில்லை அப்பா" என்று மகள் சொல்லிவிட்டாள். "பெற்ற பிள்ளையின் தொழிலில் எனக்குப் பங்கு கிடையாதாம், அண்ணாச்சி!" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

மகள் சொன்னதுதான் சரி. 1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டப்படி கம்பெனி எதுவும் ஆடிட்டர் தொழில் செய்ய முடியாது. தம் கட்டணத்தில் வியாபாரிக்குப் பங்கு கொடுக்கும் ஆடிட்டர் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாவார். வக்கீலும் அப்படியே, வக்கீல் அல்லாதவரோடு கூட்டுச் சேரக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. தகப்பனார் பணத்தை இனாமாகத் தரலாம், கடனாகத் தரலாம். லாபத்தில் பங்கு கேட்கத்தான் முடியாது.

இது வியாபாரியை மட்டம் தட்ட வைத்த விதி அல்ல. அந்தப் பெண் நாளை என் கணக்கைத் தணிக்கை செய்ய வரலாம். அவள் அலுவலகத்தில் முதல் போட்டவர் எனக்குச் சரக்குக் கொடுப்பவராகவோ, எனக்குப் போட்டிக் கடைக்காரராகவோ இருந்தால் அந்தக் கணக்கை யார் நம்புவார்கள்?

மருந்துக் கடை வேறு வகை. அதற்கு நாம் முதலாளி ஆகலாம். ஆனால் சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவு பெற்ற மருந்தாளுநரின் பொறுப்பு. சிலர் சான்றிதழை மட்டும் வாடகைக்கு வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டு, கடைப் பையனை மருந்து எடுத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். அது உயிரோடு விளையாடுவது. நம் சங்கம் அதற்குத் துணை போகக் கூடாது.

அடுத்தவர் கதவு அடைத்திருப்பதைப் பேசும் நாம், நமக்குத் திறந்திருக்கும் கதவை ஒழுங்காகப் பயன்படுத்துகிறோமா? என் அனுபவத்தையே சொல்கிறேன். நானும் என் தம்பியும் நடத்திய கூட்டு வியாபாரம் முறையாகப் பதிவானது. பிறகு தம்பி மகனைப் பங்குதாரராகச் சேர்த்துப் பத்திரம் எழுதினோம். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அந்த மாற்றத்தைப் பதிய மறந்தோம். 2011-இல் ஒரு சில்லறைக் கடைக்காரர் மீது 3,40,000 ரூபாய் பாக்கிக்கு வழக்குப் போட்டபோது, "புதுப் பங்குதாரர் பெயர் பதிவேட்டில் இல்லை" என்று எதிர் வக்கீல் எழுந்தார். வழக்குத் தள்ளுபடியாயிற்று. மறுபடி வழக்குப் போட மூன்றாண்டுக் கெடுவும் தாண்டியிருந்தது. கணக்குப் புத்தகம், பில், கையெழுத்து எல்லாம் இருந்தும் பணம் போயிற்று.

1932-ஆம் ஆண்டின் கூட்டு வாணிபச் சட்டம், 69-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: பதிவில்லாத கூட்டு நிறுவனம், வியாபார ஒப்பந்தப்படி வரவேண்டிய பாக்கிக்கு வெளியார் மீது வழக்குப் போட முடியாது. வழக்குப் போடும் நாளில் உள்ள பங்குதாரர்களின் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றமும் 1989-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த நிறுவனத்தின் மீது மற்றவர்கள் வழக்குப் போடத் தடை இல்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தே ஆக வேண்டும், வர வேண்டியது மட்டும் வராது!

பாசத்தால் செய்யும் தவறு இன்னொன்று. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையைப் பங்குதாரர் என்று பத்திரத்தில் எழுதுவது. மைனர் பங்குதாரர் ஆக முடியாது. எல்லாப் பங்குதாரரும் சம்மதித்தால் லாபத்தில் மட்டும் சேர்க்கலாம். அவன் மேஜரான பின், அல்லது சேர்த்த விவரம் அவனுக்குத் தெரிந்த பின், இவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் விலகுவதாகப் பொது அறிவிப்புத் தர வேண்டும். தராவிட்டால் அவன் தானாகவே பங்குதாரர் ஆகிவிடுவான். சேர்த்த நாள் முதலான கடனுக்கெல்லாம் அவனும் பொறுப்பு. கல்லூரியில் படிக்கும் பிள்ளை தலையில் அப்பாவின் கடன்!

சொந்த வீடு கடனுக்குப் போகுமே என்று அஞ்சுபவர்களுக்கு வேறு வழி உண்டு. இரண்டு பேர் சேர்ந்தால் 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனம் தொடங்கலாம். தனியாள் என்றால் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் ஒரு நபர் கம்பெனி இருக்கிறது. அதில் தமக்குப் பின் யார் என்று நியமனதாரர் பெயரைத் தொடக்கத்திலேயே கொடுக்க வேண்டும். மைனர் அதற்கு ஆகாது. ஆண்டுக் கணக்கை ஒழுங்காகத் தாக்கல் செய்ய முடிந்தவர்கள் மட்டும் இவற்றில் இறங்குங்கள்.

நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். ஆண்டுக்கு ஒரு நாள் ஒதுக்கி, உறுப்பினர்கள் தங்கள் கூட்டுப் பத்திரத்தையும் பதிவு நகலையும் கொண்டுவரச் செய்து, ஒரு வக்கீலை வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இறந்தவர் பெயர் நீங்கியதா, புதிதாக வந்தவர் பெயர் ஏறியதா என்று பார்க்க அரை மணி நேரம் போதும். அந்த அரை மணியை நான் ஒதுக்காததால் 3,40,000 ரூபாயை இழந்தேன். அது உங்களுக்கு வேண்டாம்.