சூதாட்டக் கப்பலில் ஒரு பங்கு



“ஐயா, நான் சூதாடவில்லையே, கம்பெனியின் பங்கைத்தானே வாங்கியிருக்கிறேன்” என்கிறார்கள் நம் வாலிபர் சிலர். டெல்டா கார்ப் நிறுவனத்தைக் குறித்த பேச்சு அது. அதற்கு ஹோட்டல்களும் உண்டு, மெய்தான். ஆனால் வருமானத்தின் பெரும்பகுதி, கோவாவின் மாண்டவி நதியில் நிற்கும் சூதாட்டக் கப்பல்களிலிருந்தே வருகிறது.

சூதாடுகிறவன் சில வேளை வெல்வான். கப்பலின் சொந்தக்காரனோ மொத்தக் கணக்கில் தோற்பதில்லை. ஆட்டத்தின் விதிகளே அப்படி வகுக்கப்பட்டவை. பங்கு வாங்கியவர் அந்தச் சொந்தக்காரரில் ஒருவர். சூதாடுகிறவனைவிட இவர் குற்றமற்றவர் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2020 பிப்ரவரி முதல் கோவா மக்கள் அக்கூடங்களில் ஆடக்கூடாதென்று அவர்களுடைய அரசே தடுத்திருக்கிறது. தன் பிள்ளைகளுக்கு ஆகாதது அயலூர்ப் பிள்ளைகளுக்கு ஆகுமாம்! நம் மாநிலத்தில் 2003-இல் லாட்டரி ஒழிந்தபோது பெருமூச்சு விட்ட தாய்மார் இன்னும் உயிரோடிருக்கிறார்கள், அவர்களிடம் கேளுங்கள்.

2023 செப்டம்பரில் 11,139 கோடி ரூபாய் வரி கேட்டு அந்நிறுவனத்துக்கு நோட்டீஸ் வந்தது. பங்கு விலை சரிந்தது. ‘மலிவாய்க் கிடைக்கிறது’ என்று பார்த்தவர்கள் உண்டு. மேசையில் வைக்கப்பட்ட பந்தயப் பணம் முழுவதன்மேலும் போட்ட வரி அது. எத்தனை வீடுகளின் பணம் என்று எண்ணிப் பார்த்தவர் யார்?

யூதாஸ் எறிந்துவிட்டுப் போன முப்பது வெள்ளிக்காசைக் காணிக்கைப் பெட்டியில் போட ஆசாரியர்களே கூசினார்கள். அவர்கள் இளகிய மனதுள்ளவர்கள் அல்ல. அந்த டிவிடெண்டின் தசமபாகம் குமராட்சிச் சபையின் காணிக்கைப் பையில் விழ வேண்டாம். பங்கை விற்றுவிடுங்கள்.